குபூஸ் தெரிந்தால் போதும்

வணக்கம் நேயர்களே. வெளிநாட்டுக்கு விடுமுறையில் போனால் என்னவெல்லாம் செய்யலாம் என்று இருபது நிமிடம் பேசச் சொல்லி நிலையத்தில் கூப்பிட்டார்கள். எந்த நாட்டைப் பற்றி வேண்டுமானாலும் பேசுங்கள் என்றார்கள். எனக்கு உருப்படியாகப் பேசத் தெரிந்தது ஒரே ஒரு நாட்டைப் பற்றித்தான், அதுவும் ரொம்பச் சின்ன நாடு. மால்டா.

எவ்வளவு சின்னது என்றால், மொத்த நாடும் 316 சதுர கிலோமீட்டர். நம்முடைய சென்னை மாநகராட்சி 426. அதாவது மால்டாவைத் தூக்கிச் சென்னைக்குள் வைத்துவிட்டு மிச்ச இடத்தில் வண்டி நிறுத்தலாம். இத்தாலிக்குக் கீழே சிசிலி இருக்கிறதே, அதற்கும் தெற்கே, மத்தியதரைக் கடலின் நடுவில், மணல் நிறத்தில் இரண்டு மூன்று தீவுகள். கடல், வெயில், கோட்டை, பழைய கோயில், எல்லாம் உண்டு. படத்தில் பார்த்திருப்பீர்கள். வானொலியில் நான் படம் காட்ட முடியாது, அதனால் மால்டாவில் காதுக்குக் கிடைப்பதைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன், கண்ணுக்கானதை நீங்கள் போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் ஊர் சுற்றி எழுதுகிறவன் இல்லை. நாகப்பட்டினத்துக்காரன். துபாயில் ஒரு கப்பல் பட்டறையில் ஃபிட்டராகப் போய்ச் சேர்ந்து, ஃபோர்மேன் ஆகி, பத்தொன்பது வருஷம் அங்கேயே கழித்தவன். 1997 பிப்ரவரியில் ஒரு வேலைக்காக நாலு மாதம் மால்டாவுக்கு அனுப்பினார்கள். அங்கே கப்பல் பழுதுபார்ப்பது பெரிய தொழில், அப்போது. அதற்குப் பிறகு 2014 செப்டம்பரில் மனைவியோடு பத்து நாள், இந்த முறை சொந்தக் காசில்.

முதல் தடவை போய் இறங்கி மூன்றாவது நாளோ நாலாவது நாளோ நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். இதை வீட்டில் யாரிடம் ஆரம்பித்தாலும் எழுந்து போய்விடுகிறார்கள், நீங்கள் ரேடியோவை அணைக்காமல் கேளுங்கள்.

துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சந்தில் எங்களுக்கு அறை. காலையில் ரொட்டி வாசனை வந்தது, பின்னாலேயே போனேன். நிலவறை மாதிரி ஒரு அடுமனை, உள்ளே விறகடுப்பு, முன்னால் ஒரு கிழவி. மால்டாவில் ஆங்கிலமும் ஆட்சி மொழிதான், 1964 வரைக்கும் பிரிட்டிஷ்காரன் கையில் இருந்த ஊர், யாரிடம் பேசினாலும் ஆங்கிலத்தில் பதில் வரும். ஆனால் அந்தக் கிழவி ஆங்கிலத்தில் ஒன்றும் சொல்லவில்லை, என்ன என்பதுபோல் தாடையை மட்டும் தூக்கினார். பத்து வருஷத்துக்கு மேல் துபாயில் இருந்த வாய், தன்னால் "குபூஸ்" என்று சொல்லிவிட்டது. வளைகுடாவில் இருந்தவர்கள், அண்ணனோ மாமாவோ அங்கே இருக்கிற வீட்டுக்காரர்கள், எல்லோருக்கும் தெரிந்த சொல்தானே, ரொட்டி. சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஐரோப்பாவில் வந்து அரபி பேசுகிறோமே என்று.

கிழவி முகம் மாறவே இல்லை. "ஹோப்ஸ்?" என்று திருப்பிக் கேட்டார். எத்தனை என்று விரலைக் காட்டினார். சரி, வருவது வரட்டும் என்று "தலாத்தா" என்றேன். "த்லீடா" என்று சொல்லி மூன்று ரொட்டியை எடுத்து வைத்தார்.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது என்று சொன்னால் நம்புங்கள். வேலைக்குப் போகாமல் அங்கேயே நின்று ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தேன். நான் வாஹித் என்றால் அவர் வீஹெத். அர்பா என்றால் எர்பா. கம்ஸா என்றால் ஹம்ஸா. உள்ளேயிருந்து அவர் மகன் வந்துவிட்டான், அவனுக்கு ஆங்கிலம் வரும். "நீ அரபிக்காரனா என்று அம்மா கேட்கிறார்." இல்லை, இந்தியா. "அப்புறம் எங்கள் பாஷை உனக்கு எப்படித் தெரியும்?" எனக்குத் தெரியாது, எனக்குத் துபாய் பாஷைதான் தெரியும், அதுவும் பட்டறைப் பேச்சு, பாதி கெட்ட வார்த்தை. அதைச் சொல்லவில்லை.

இதற்கு மேல்தான் விஷயமே. அந்த வருஷம் துபாயில் ரம்ஜான் நோன்பு முடிந்து, பெருநாள் கழிந்து, சில நாளிலேயே நான் கிளம்பி வந்திருந்தேன். கிழவி ஒரு தட்டில் நீளமாக, தடிமனாக ஒரு பாதாம் பிஸ்கெட்டை எடுத்து நீட்டினார். ஆரஞ்சுத் தோல் வாசனை, மேலே தேன். இது என்ன என்று கேட்டால் மகன் சொல்கிறான், "இப்போது ரண்டான் தொடங்கியிருக்கிறது, ரண்டானில் முட்டை வெண்ணெய் சேர்க்காமல் செய்கிறது இது." ரண்டானா? ரம்ஜான் இப்போதுதானே முடிந்தது? அவர் கழுத்தில் ஜெபமாலை, பின்னால் சுவரில் மாதா படம். அப்புறம்தான் புரிந்தது, கிறிஸ்தவர்களின் தவக்காலத்துக்கு அவர்கள் சொல்கிற பெயர் ரண்டான். நோன்புக்கு அரபியில் இருந்த பெயர் அப்படியே தங்கிவிட்டது. புனித வெள்ளியை "பெரிய ஜும்ஆ" என்கிறார்கள், வெள்ளிக்கு அதே ஜும்ஆ, பெரியதற்கு அதே கபீர். ஆண்டவரைக் கும்பிடும்போது என்ன சொல்கிறார்கள் என்று நினைக்கிறீர்கள்? "அல்லா". ஊர் பூராவும் கத்தோலிக்கர்கள், சிலுவை போட்டுக்கொண்டு அல்லா என்கிறார்கள், காலம் காலமாக.

காரணம் இதுதான். 870-ல் அரபிகள் அந்தத் தீவைப் பிடித்தார்கள். 1091-ல் சிசிலியிலிருந்து நார்மானியர் வந்து ஆட்சியை வாங்கிக்கொண்டார்கள். ஆட்சி போச்சு, பேச்சு போகவில்லை. அதற்கு மேல் இத்தாலியச் சொல், சிசிலிச் சொல், பின்னால் ஆங்கிலச் சொல் எல்லாம் வந்து ஏறிக்கொண்டன. இன்றைக்கு அகராதியைப் பிரித்தால் ஏறக்குறையப் பாதி இத்தாலியப் பக்கத்துச் சரக்கு. ஆனால் அடிப்படைச் சொல், அதாவது எண், வீடு, கதவு, கடல், சூரியன், ரொட்டி, தண்ணீர், இதெல்லாம் அரபி வழி. எழுதுவது மட்டும் ரோமன் எழுத்தில். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆட்சி மொழிகளில் அந்தக் குடும்பத்து மொழி இது ஒன்றுதான். ஒன்று எச்சரிக்கிறேன், நன்றி சொல்ல "ஷுக்ரன்" என்று சொல்லிவிடாதீர்கள், அங்கே எடுபடாது, நன்றிக்கு "கிராட்ஸி", அது இத்தாலிப் பக்கம்.

அப்புறம் "மேலா" என்று ஒரு சொல். இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. சரி, அப்புறம், ஆமா, பின்னே, போகட்டும், எல்லாம் மேலாதான். போனில் பேசுகிறவர் ஐந்து நிமிடத்தில் நாற்பது மேலா சொல்வார். நான் நாலு மாதத்தில் கற்றுக்கொண்டது அதுதான், அதை வைத்தே ஊரில் பாதிப் பேர் என்னை உள்ளூர்க்காரனாக நினைத்துவிட்டார்கள்.

அதனால் நான் சொல்வது என்னவென்றால், உங்கள் வீட்டில் வளைகுடாவில் வேலை பார்த்து வந்தவர்கள் யாராவது இருந்தால், முழங்கால் வலி என்று சொன்னாலும் விடாதீர்கள், அவரைக் கூட்டிக்கொண்டு மால்டாவுக்குப் போங்கள். அங்கே ஊர்ப் பெயர்ப் பலகையைப் படித்தாலே அவருக்குப் பாதி நாடு புரியும். மெதினா என்று ஒரு மதில் சூழ்ந்த பழைய தலைநகர், மதீனா என்றால் நகரம். மார்சா என்று ஆரம்பிக்கிற ஊரெல்லாம் துறைமுகம். ஹஜர் என்றால் கல், துபாயிலிருந்து ஃபுஜைரா போகிற வழியில் ஹஜர் மலை பார்த்திருப்பாரே, அதே கல். ஹஜார்-ஈம் என்று ஒரு இடம், கடலைப் பார்த்த மேட்டில், ஐயாயிரம் வருஷத்துக்கு முந்திய கற்கோயில். பெயருக்கு நிற்கிற கற்கள் என்று பொருள். யார் கட்டினார்கள், என்ன மொழி பேசினார்கள் என்பது யாருக்கும் தெரியாது, பெயர் மட்டும் பின்னால் வந்த அரபி. கூடவே கொஞ்சம் இறங்கிப் போனால் முனைத்ரா என்று இன்னொரு கோயில், வருஷத்தில் பகலும் இரவும் சமமாகிற நாளில் காலை வெயில் வாசல் வழியாக நேராக உள்ளே விழும்படி வைத்திருக்கிறார்கள். உப்புக்காற்றும் மழையும் அரிக்காமல் இருக்க 2009-ல் இரண்டுக்கும் மேலே பெரிய கூடாரம் போட்டுவிட்டார்கள். படம் எடுக்கிறவர்களுக்கு இதில் ஒரே வருத்தம். எனக்கு நிழல் கிடைத்தது, நான் சும்மா இருந்தேன்.

வெயில் என்றதும் ஞாபகம் வருகிறது. வெயிலுக்காகவே இங்கிலாந்துக்காரர்கள் அங்கே வந்து விழுகிறார்கள், இறால் மாதிரி சிவந்து கிடக்கிறார்கள். நமக்கு என்ன, காசு கொடுத்தா வெயில் வாங்கப் போகிறோம்? ஜூலை ஆகஸ்டில் போகாதீர்கள். மார்ச், ஏப்ரல், இல்லாவிட்டால் அக்டோபர். நாங்கள் செப்டம்பர் முதல் வாரத்தில் போனதற்குத் தனிக் காரணம் உண்டு, வருகிறேன்.

வல்லெட்டாவைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது, தலைநகரம். 1565-ல் துருக்கியர்கள் பெரும் படையோடு வந்து மே மாதத்திலிருந்து செப்டம்பர் வரை முற்றுகை போட்டார்கள், அப்போது தீவை ஆண்ட புனித யோவான் சபை என்கிற கிறிஸ்தவத் துறவு சபையின் வீரர்களும் ஊர் ஜனங்களும் சேர்ந்து தாக்குப்பிடித்தார்கள். அடுத்த வருஷமே, 1566-ல், இனி இப்படி மாட்டிக்கொள்ளக்கூடாது என்று மொட்டைப் பாறை மேல் புதிதாக ஒரு நகரத்துக்கு அடிக்கல் போட்டார்கள். சபைத் தலைவர் வல்லெட், அவர் பெயர்தான் ஊருக்கு. தெருவெல்லாம் கோடு போட்டாற்போல் நேர், ஆனால் பாறை சரிவு, அதனால் பல தெரு வெறும் படிக்கட்டு. முழங்கால் வலிக்காரரைக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னேன் இல்லையா, பயப்படாதீர்கள், துறைமுகத்திலிருந்து மேலே தோட்டத்துக்கு 58 மீட்டர் லிஃப்ட் வைத்துவிட்டார்கள், 2012-ல்.

அந்தத் தோட்டத்துக்கு நண்பகல் 12 மணிக்குப் போய்விடுங்கள். கீழே ஒரு பீரங்கி மேடை, 12 அடித்ததும் ஒரு குண்டு வெடிப்பார்கள், வெடிமருந்து மட்டும்தான், பயம் வேண்டாம். சுற்றுலாக்காரர்கள் எல்லோரும் போனைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள். நான் சொல்கிறேன், போனைப் பையில் போடுங்கள். கண்ணை மூடிக்கொள்ளுங்கள். வெடித்த சத்தம் எதிர்க்கரைக் கோட்டையில் மோதி, அடுத்த கோட்டையில் மோதி, துறைமுகத்தைச் சுற்றிவிட்டு உங்களிடம் திரும்பி வரும். அந்தக் காலத்தில் இது வேடிக்கைக்கு வெடித்ததில்லை. கப்பலில் இருக்கிற கடிகாரத்தைச் சரிபார்த்துக்கொள்ளக் கொடுத்த அடையாளம். கடிகாரம் ஒரு நிமிடம் தப்பினால் நடுக்கடலில் கப்பல் தன் இடத்தை எத்தனையோ மைல் தப்பாகக் கணக்குப் போட்டுவிடும். கப்பல்காரனுக்குத்தான் தெரியும் அந்தக் குண்டின் அருமை.

கடிகாரம் என்றால் இன்னொன்று. மால்டாவில் பல ஊர்க் கோயில்களில் இரண்டு கோபுரம், இரண்டு கடிகாரம். ஒன்று சரியான நேரம் காட்டும், மற்றது தப்பு, சில இடத்தில் வெறுமனே வரைந்ததுதான். எதற்கு என்று கேட்டால் பூசை எத்தனை மணிக்கு என்று பிசாசுக்குத் தெரியக்கூடாது, அதற்காக என்பார்கள். இந்த ஒலிப்பதிவு அறையில் ஒரே கடிகாரம்தான் இருக்கிறது, அதுவும் சரியாக ஓடுகிறது, வேகமாகவே ஓடுகிறது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர் என்னைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

சரி, வல்லெட்டாவில் புனித யோவான் பேராலயம். வெளியே பார்த்தால் கோட்டைச் சுவர் மாதிரி ஒன்றுமே இருக்காது. உள்ளே போனால் தரை முழுக்க வண்ணப் பளிங்கில் கல்லறைப் பலகைகள், 400-க்குக் கிட்டத்தட்ட, செத்துப்போன வீரர்களின் மேல்தான் நடந்து போகிறீர்கள். அதனால் கூர்க்குதிகால் செருப்பு போட்டுக்கொண்டு உள்ளே போக விடமாட்டார்கள், பளிங்கு பொளிந்துவிடும். என் மனைவிக்கு அது பிடித்தது, "கோயில் என்றால் செருப்புக்கு ஒரு கணக்கு இருக்கத்தான் வேண்டும்" என்றாள். பக்கத்து மண்டபத்தில் காரவாஜோ என்கிற ஓவியர் வரைந்த படம், யோவானின் தலையை வெட்டுகிற காட்சி, 1608-ல் வரைந்தது. அகலம் ஐந்து மீட்டருக்கு மேல். அவர் கையெழுத்துப் போட்ட ஒரே படம் அதுதான், கையெழுத்தை எங்கே போட்டார் தெரியுமா, தரையில் வழிகிற ரத்தத்தில். ரோமில் ஒரு ஆளைக் கொன்றுவிட்டு ஓடி வந்தவர் அவர். மால்டாவில் வீரர் பட்டமும் கொடுத்தார்கள், வாங்கிய சில வாரத்திலேயே ஒரு அடிதடி, எதிர்க்கரைக் கோட்டையில் அடைத்தார்கள், அங்கிருந்தும் தப்பித்து சிசிலிக்கு ஓடிவிட்டார். அப்புறம் சபை கூடி அவரை நீக்கினார்கள், எந்த மண்டபத்தில்? அதே மண்டபத்தில், அவர் வரைந்த அதே படத்துக்கு முன்னால் உட்கார்ந்து.

இப்போது செப்டம்பருக்கு வருகிறேன். எங்கள் ஊர்ப்பக்கத்தில் வேளாங்கண்ணி மாதா திருவிழா ஆகஸ்ட் 29 கொடியேற்றி செப்டம்பர் 8 முடியும், உங்களுக்குத் தெரியும். அதே செப்டம்பர் 8, மாதா பிறந்த நாள், மால்டாவில் தேசிய விடுமுறை. 1565 முற்றுகை விலகியதையும் அன்றைக்குத்தான் கொண்டாடுகிறார்கள். பெரிய துறைமுகத்தில் படகுப் போட்டி. துடுப்புப் போடுகிறவர்கள் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு நிறம், கரையில் நிற்கிறவர்கள் தொண்டை கிழியக் கத்துகிறார்கள். மாலையில் எதிர்க்கரையில் செங்லியா என்கிற ஊரில் மாதா சிலையைத் தோளில் தூக்கி வருகிறார்கள், பேண்டு வாத்தியம், மாடியிலிருந்து காகிதத் துண்டு மழை, வாணவேடிக்கை. மால்டாவில் ஒரு ஊர் என்று இருந்தால் அங்கே ஒரு பேண்டுக் குழு இருக்கும், பல ஊரில் இரண்டு, இரண்டுக்கும் ஆகாது. நம்ம ஊரில் மேலத்தெரு கீழத்தெரு மாதிரியே. பட்டாசுக்குப் போட்டி, தோரணத்துக்குப் போட்டி. கூட்டத்தில் நின்ற என் மனைவி, "நம்ம ஊர்த் தேர்தான், வடம் இல்லை, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு, அங்கே விற்ற பாதாம் மிட்டாயை வாங்கிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள், ஊருக்கு.

ஒரு தப்பையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் செய்யாமல் இருக்க. தரைக்கடியில் ஒரு கல்லறைக்கோயில் இருக்கிறது, ஹைப்போஜியம். 1902-ல் வீடு கட்டத் தொட்டி வெட்டும்போது பாறையின் கூரை பொத்துக்கொண்டு தெரிந்தது. மூன்று அடுக்கு, எல்லாம் பாறையைக் குடைந்தது. ஏழாயிரம் பேரைப் புதைத்திருக்கலாம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அங்கே ஒரு அறையில் ஆண் குரலில் தாழப் பேசினால் பாறை முழுக்க முழங்குமாம். முழங்குமாம் என்றுதான் சொல்ல முடிகிறது, ஏனென்றால் நான் கேட்டதில்லை. மூச்சுக்காற்று ஈரம் சுவரைக் கெடுக்கும் என்று ஒரு தடவைக்குப் பத்துப் பேர்தான் விடுவார்கள், ஒரு நாளைக்கு எண்பது பேர். மாதக்கணக்கில் முன்னாலேயே சீட்டு எடுக்க வேண்டும். நான், நாலு மாதம் இருந்த ஊர்தானே, போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று போய் நின்றேன். சீட்டு இல்லை. காதால் கேளுங்கள் காதால் கேளுங்கள் என்று உபதேசம் பண்ணுகிறவன், கேட்க வேண்டிய இடத்தைக் கோட்டைவிட்டுவிட்டு வாசலில் நின்றேன். வீட்டில் இன்றைக்கும் இதைச் சொல்லிக் காட்டுகிறாள். அங்கே கிடைத்த ஒரு சுடுமண் பொம்மை, படுத்துத் தூங்குகிற பெண், 12 சென்டிமீட்டர், அரைச் சாண். அது வல்லெட்டா அருங்காட்சியகத்தில் இருக்கிறது, அதைப் பார்த்துவிட்டு வந்தோம். மறுபடி சொல்கிறேன், முதலில் ஹைப்போஜியம் சீட்டு, அப்புறம்தான் விமானச் சீட்டு.

நேரம் முடிகிறது என்று கையைக் காட்டுகிறார்கள், ஐயா, இரண்டு நிமிடம். மார்சாஷ்லோக் மீன் சந்தை, ஞாயிற்றுக்கிழமை காலை, நீலமும் மஞ்சளும் சிவப்புமாகப் படகுகள், ஒவ்வொன்றின் மூக்கிலும் இரண்டு கண். நாகப்பட்டினத்துக்காரனுக்கு மீன் விலை கேட்காமல் வர முடியாது, கேட்டேன், வாங்கவில்லை. சைவம் சாப்பிடுகிறவர்களுக்குப் பாஸ்டிட்ஸி, அடுக்கடுக்காக மாவு, உள்ளே மசித்த பட்டாணி. பட்டாணி என்று கேட்டு வாங்குங்கள், மற்றது பாலாடைக்கட்டி. முயல் குழம்பு அவர்களுடைய பெருமை, என்னால் முடியவில்லை. பழைய மஞ்சள் பேருந்துகள், ஓட்டுநர் சொந்தமாக வாங்கி சாமி படம் ஒட்டி ஓட்டினார்களே, 2011-ல் எடுத்துவிட்டார்கள், அதற்காகப் போகாதீர்கள்.

கோசோ தீவைப் பற்றித்தான் நிறையக் குறித்துக்கொண்டு வந்தேன், இந்தத் தாளில் முக்கால் பக்கம் அதுதான். வடக்கு முனையிலிருந்து படகில் 25 நிமிடம். கடற்கரையில் பாறையில் வெட்டிய உப்புப் பாத்திகள், வேதாரண்யம் பார்த்தவர்களுக்குக் கை துறுதுறுக்கும். பிரமிடுகளுக்கு முந்திய ஜிகாந்தியா கோயில். பாறையில் ஜன்னல் மாதிரி ஒரு வளைவு இருந்தது, நாங்கள் அதன் முன்னால் நின்று எடுத்த படம் வீட்டில் இருக்கிறது, 2017 மார்ச்சில் ஒரு புயலில் மொத்தமாகக் கடலுக்குள் போய்விட்டது. படகுக்குப் போகும்போது யாரும் டிக்கெட் கேட்கவில்லை, திரும்பி வரும்போதுதான் வாங்கினார்கள், எப்படியும் திரும்பித்தானே ஆக வேண்டும் என்று. சரி, விளக்கை அணைத்துவிடுவார்கள் போலிருக்கிறது. மேலா, வணக்கம்.